ஜுலியானாவின் இருபத்திரண்டு மணி நேரம்

ரொக்காசெர்ரா
25 செப்டம்பர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

லொரெதானா எழுதுகிறேன். உறையின்மேல் உன் மடத்துப் பெயரை ஒழுங்காக எழுதிவிட்டேன். உள்ளே எனக்கு நீ எவெலினா அக்காதான். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாயா, வழக்கம்போல யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா? இங்கே நானும் நிவெஸும் நலம். எத்தோரே சனிக்கிழமை லாரியோடு வருகிறார், ஞாயிறு முழுக்கத் தூங்குகிறார், திங்கள் விடியுமுன் போய்விடுகிறார். அவரும் நலம் என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளி திறந்து இரண்டு வாரம். நிவெஸ் மூன்றாம் வகுப்பு. எட்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை, நடையில் தள்ளாட்டம் போகவில்லை, வேண்டியதைப் படத்தைத் தொட்டுத்தான் கேட்கிறாள். டாக்டரும் ஆசிரியர்களும் நானும் உட்கார்ந்து எழுதிய திட்டத்தில், வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் துணை ஆசிரியை அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கிடைத்தது பதினொன்று. பள்ளிக்கு இருப்பது ஒரே துணை ஆசிரியை, ஜுலியானா. அவளுடைய இருபத்திரண்டு மணி நேரத்தில் பாதி நிவெஸுக்கு, பாதி இல்டாவுக்கு. இல்டா யாரென்று உனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பியெரினாவின் மகள். போன கோடையில் உன்னைப் பார்க்க வந்தபோது, நமக்கு நடுவே இருக்கும் மடத்துக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே நின்றாளே, அவள்தான்.

மீதி நேரத்தில் என் மகளைத் தாழ்வாரத்தில் ஆயாவின் மேஜையருகே உட்கார வைக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் வலது கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள். ஆயா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "தொந்தரவே இல்லம்மா, அமைதியாத்தான் இருக்கா" என்றாள். கையில் எட்டுப் பல் தடம், அக்கா. மேலே நாலு, கீழே நாலு.

தலைமையாசிரியையிடம் போனேன். பதினொன்றே பெரிய விஷயம், பக்கத்து ஊரில் ஆறுதான் என்றார். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுவிட்டு, பக்கத்து யானைக்கு அதுவும் இல்லை என்கிறார். வழக்குப் போடப் போகிறேன். காம்பொபாஸ்ஸோவில் ஒரு வக்கீல் இதற்கென்றே இருக்கிறாராம். பியெரினாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் நான் மனம்விட்டுப் பேசுவது அவள் ஒருத்தியிடம்தான்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
லொரெ

*

புனித கிளாரா மடம்
9 அக்டோபர் 2011

அன்புத் தங்கைக்கு,

இறைவன் உன் வீட்டில் அமைதியை வைப்பாராக. காலுறை என் காலில்தான் இருக்கிறது, ஒன்று மட்டும். மற்றதைச் சகோதரி ரோசால்பாவுக்குக் கொடுத்தேன். அவருக்கு வலி இடது காலில், எனக்கு வலது காலில். திட்டாதே.

இங்கே இப்போது ஏழு பேர்தான். மாலையில் அரை மணி பேச அனுமதி உண்டு. அதில் நாலு பேருக்குக் காது கேட்காது. கல்யாணப் பெண்கள் அன்று மழை வரக்கூடாதென்று ஜெபிக்கச் சொல்லி முட்டை கொண்டுவந்து குவிக்கிறார்கள். போன மாதம் மூன்று கல்யாணத்துக்கு ஜெபித்தோம், மூன்றிலும் மழை. முட்டையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நிவெஸின் கையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று மாலை அந்த அரை மணி நேரத்தையும் அவளுக்காக ஜெபிப்பதிலேயே கழித்தேன். வழக்குப் போடு. ஊரார் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பியெரினாவும் உன்னோடு சேர்ந்து போடலாமே? ஒரே பள்ளி, ஒரே குறைதானே.

எத்தோரேவுக்கு என் வணக்கம். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

உன் அக்கா
எவெலினா

*

ரொக்காசெர்ரா
25 நவம்பர் 2011

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நிவெஸுக்கு வந்த இருமல் போய்விட்டது. உனக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. பாலாடைக்கட்டிக் கூடத்தில் காலை வேலை, மத்தியானம் வக்கீல், மாலையில் பிள்ளை.

மனு போட்டாயிற்று. மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாமவள், நிவெஸ் வகுப்புப் பையனின் தாய், நிறுத்தவில்லை. "எங்க பிள்ளைங்களுக்கு ஜன்னல் கண்ணாடியே உடைஞ்சு கிடக்கு, இவங்களுக்குக் கோர்ட்டு கேக்குது" என்றாள். நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது, பாத்திரங்களிடம் சொன்னேன்.

நான் காம்பொபாஸ்ஸோ போகும் நாளெல்லாம் நிவெஸைப் பார்த்துக்கொள்வது பியெரினாதான். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, எனக்குச் சாப்பாடும் எடுத்து வைக்கிறாள். அவள் வழக்குப் போட முடியாது, அக்கா. நிவெஸின் மருத்துவச் சான்றிதழில் "கடுமையான பாதிப்பு" என்று இருக்கிறது. இல்டாவின் சான்றிதழில் வெறும் "பாதிப்பு" என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் முழு நேரம் கேட்க வழியில்லை என்று வக்கீல் சொல்கிறார். அது எப்படி விட்டுப்போயிற்று என்பது பழைய கதை.

நாங்கள் ஜெயித்தால் பள்ளிக்கு இன்னொரு ஆசிரியையை அனுப்புவார்களாம். அதையும் வக்கீல்தான் சொன்னார். அப்போது இல்டாவுக்கும் நல்லதுதானே. பியெரினாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். உங்கள் மடத்துக்கு வேண்டுதல் எழுதலாமா என்று கேட்டாள். விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்
லொரெ

*

புனித கிளாரா மடம்
26 டிசம்பர் 2011

அன்புத் தங்கைக்கு,

பிறந்த பாலன் உங்கள் மூவரையும் காப்பாராக. உன் கடிதம் திருவருகைக் காலத்தின் இரண்டாம் நாள் வந்து சேர்ந்தது. அதனால் மடத்துத் தலைவித் தாயாரின் இழுப்பறையில் தூங்கிவிட்டு நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. வருஷா வருஷம் சொல்கிறேன்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும், தவக்காலம் நாற்பது நாளும் எங்களுக்குக் கடிதம் கிடையாது, எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. பதினேழு வருஷமாக உனக்கு இது மறக்கிறது. அம்மாவின் மறதி உனக்கு வந்திருக்கிறது.

வழக்கு என்ன ஆயிற்று? நீதிபதிகள் நல்லவர்களாக அமைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். புத்தாண்டிலிருந்து எனக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் வேண்டுதல் சீட்டுகளைப் பிரித்து, விடியற்கால ஜெபத்தில் வாசிக்க வேண்டும். படித்ததை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. எனக்கு அது சிரமமில்லை, சொல்வதற்கு ஆள் வேண்டுமே.

முழங்கால் சுமார். பியெரினாவையும் அவள் மகளையும் விசாரித்ததாகச் சொல்.

எவெலினா

*

ரொக்காசெர்ரா
22 ஜனவரி 2012

அக்கா,

நலம், நலம், நலம். ஜெயித்துவிட்டோம்.

இடைக்கால உத்தரவு வந்தது. நிவெஸுக்கு இருபத்திரண்டு மணி நேரம், முழுசாக, உடனடியாக. வக்கீல் போனில் வாசித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஜெயிச்சுட்டீங்கம்மா, அழாதீங்க" என்றார். அழுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தோரே பொலோஞ்ஞா பக்கம் சாலையில் இருந்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் ஹாரன் அடித்தாராம். அந்த மனிதருக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

திங்கள்கிழமையிலிருந்து ஜுலியானா காலைமுதல் நிவெஸ் பக்கத்திலேயே இருக்கிறாள். தாழ்வாரம் இல்லை, ஆயா இல்லை. வகுப்பில் மூன்றாம் வரிசை, ஜன்னலோரம். வியாழக்கிழமை தண்ணீர்ப் படத்தைத் தானாகத் தொட்டுக் கேட்டாளாம். ஜுலியானா எனக்கு நோட்டில் எழுதி அனுப்பினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கையைப் பார்த்தேன். பல் தடங்கள் மஞ்சளாகி மறைந்துகொண்டிருக்கின்றன. புதிதாக ஒன்றும் இல்லை.

இங்கே பனி முழங்கால் அளவு. தெருவில் யாரும் வெளியே வருவதில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லொரெ

*

புனித கிளாரா மடம்
5 பிப்ரவரி 2012

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தண்ணீர்ப் படத்தைத் தொட்டதைச் சாப்பாட்டு நேரத்தில் தாயாரிடம் சொல்ல அனுமதி வாங்கினேன்; எல்லோரும் கை தட்டினார்கள், காது கேட்காதவர்கள் கொஞ்சம் தாமதமாக.

பிறகு நாலாம் தடவையும் படித்தேன். உன் எல்லாக் கடிதத்திலும் பியெரினா இருப்பாள். இதில் அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. புது ஆசிரியை வந்ததாகவும் நீ எழுதவில்லை. நான் கணக்கில் மோசம், பள்ளி நாளிலிருந்தே உனக்குத் தெரியும். ஆனாலும் ஜுலியானாவிடம் இருப்பது இருபத்திரண்டு என்று செப்டம்பரில் நீதான் எழுதியிருந்தாய்.

பியெரினா எப்படி இருக்கிறாள்? இல்டா எப்படி இருக்கிறாள்? எனக்கு இதற்குமேல் கேட்க அதிகாரமில்லை. நீ எழுதினால் கேட்டுக்கொள்வேன்.

இங்கேயும் பனி. கிணற்றுக் குழாய் உறைந்துவிட்டது. உங்களுக்காக விடியற்காலையில் ஜெபிக்கிறேன்.

எவெலினா

*

ரொக்காசெர்ரா
22 பிப்ரவரி 2012, சாம்பல் புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உடம்பளவில் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீ போட்ட கணக்கு சரி. புது ஆசிரியை வரவில்லை. மாவட்ட அலுவலகம், இடமும் இல்லை பணமும் இல்லை என்று எழுதிவிட்டது. உத்தரவை மீறினால் தலைமையாசிரியைக்குச் சிக்கல். அவர் செய்தது சுலபமான வேலை: இல்டாவின் பதினொன்றை எடுத்து நிவெஸிடம் வைத்துவிட்டார். இல்டாவுக்கு இப்போது பூஜ்யம். ஆறு வயதுப் பிள்ளை, கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவாள். அதனால் தினமும் பத்து மணிக்குப் பியெரினாவுக்குப் போன் வரும், வந்து கூட்டிப் போ என்று. மருந்துக் கடை வேலையை அவள் விட்டுவிட்டாள்.

எதிர்வீடு, அக்கா. பத்து மணிக்கு அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு மேடேறி வருவதை நான் வேலைக்குப் போகாத நாளில் ஜன்னல் வழியே பார்க்கிறேன். ஒரு நாள் வெளியே போய் நின்றேன். அவள் கோபப்படவில்லை. "உன் பிள்ளைக்குக் கிடைச்சுதே, அதுவே போதும்" என்றாள். அதன்பிறகு அவள் ஜன்னல் கதவு சாத்தியே இருக்கிறது. வக்கீலிடம் சொன்னேன். "அது உங்க பிரச்சினை இல்லம்மா. அவங்களும் கேஸ் போடட்டும்" என்றார். அந்தச் சொல் இல்லாமல் எப்படிப் போடுவாள்?

பழைய கதை என்று நவம்பரில் எழுதினேன் இல்லையா, அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இல்டாவை மருத்துவக் குழுவிடம் கூட்டிப் போனபோது துணைக்குப் போனவள் நான். உள்ளே போகுமுன் நடையில் வைத்துச் சொன்னேன்: "கடுமைன்னு எழுத விடாதே. எழுதினா அழியாது. நிவெஸ் பேருக்குப் பக்கத்துல அதைப் பார்க்கிறப்பல்லாம் அந்தத் தாளைக் கிழிச்சுப் போடலாம்னு வருது." அவள் என்னை நம்பி உள்ளே போய், பிள்ளை எல்லாம் செய்வாள், தானே சாப்பிடுவாள், தானே உடுத்துவாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

இப்போது தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டுகிறார். எட்டு மணி நேரத்தை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால், அந்த எட்டும் இல்டாவுக்குப் போகும். போடவே கூடாது என்கிறார் வக்கீல். ஒருமுறை போட்டால், அடுத்த வருஷம் அரசு வக்கீல் அந்தத் தாளைக் காட்டி, தாயே பதினாலு போதும் என்று சொல்லிவிட்டாள் என்பார், அதோடு முடிந்தது. நிவெஸ் மறுபடி தாழ்வாரத்துக்குப் போவாள். மார்ச் 10க்குள் சொல்ல வேண்டும்.

போடட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

லொரெ

*

ரொக்காசெர்ரா
11 மார்ச் 2012

அக்கா,

நலம் விசாரிப்பதாக எடுத்துக்கொள். இதுவும் இழுப்பறைக்குத்தான் போகும் என்று தெரியும்.

கையெழுத்துப் போடவில்லை. நேற்றுக் காலை தாளை மேஜைமேல் வைத்து, பேனாவையும் எடுத்துவிட்டேன். நிவெஸ் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தாள். வலது கையால். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாயும் வயிறும் ஒன்றுதான், எனக்கும் என் பிள்ளைக்கும். அடுத்த வீட்டு வயிறுதான் வேறு. இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் மறுபடி கேட்டால் மறுபடியும் போட மாட்டேன்.

தெருவில் என்னோடு பேச இப்போது யாரும் இல்லை. முன்னால் பேசாதவர்கள் வழக்குக்காகப் பேசவில்லை. இப்போது பியெரினாவுக்காகவும் பேசுவதில்லை. அதில் மட்டும் ஊரார் செய்வது நியாயம்.

லொரெ

*

புனித கிளாரா மடம்
9 ஏப்ரல் 2012

அன்புத் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு உண்டாகட்டும். நேற்றுத் திருப்பலி முடிந்ததும் தாயார் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார். கேள்வியையும் அதற்கு நீயே சொல்லிக்கொண்ட பதிலையும் ஒரே மூச்சில் படித்தேன். நாற்பது நாளாக அவை இருந்த இழுப்பறைக்கும் என் அறைக்கும் இருபது அடி தூரம்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று தபாலில் போட்டிருக்கிறாய். தேதியோடு அதையும் உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். சாம்பல் பூசிய நெற்றியோடு கோவிலிலிருந்து நேரே தபால் பெட்டிக்குப் போயிருப்பாய். நவம்பரில் மறந்தாய், நம்புகிறேன். இந்தத் தடவை மறக்கவில்லை, லொரெ. பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டாய். நான் குறை சொல்லவில்லை. வந்திருந்தால் நான் ஏதாவது பெரிய மனுஷி மாதிரி எழுதியிருப்பேன். உண்மையில் போடலாமா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இனி எழுதுவது விதிக்கு விரோதம். எழுதி முடித்ததும் தாயாரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அவர் கொடுக்கும் தண்டனையைச் செய்வேன். ஜனவரி கடைசியில் உங்கள் ஊர் முத்திரையோடு ஒரு வேண்டுதல் சீட்டு வந்தது. உன் பெயர் அதில் இல்லை. "என் மகள் இல்டாவுக்கு இருந்த நேரம் போய்விட்டது. அது திரும்பி வர வேண்டும். யார்மேலும் கோபப்படாமல் இருக்க எனக்குச் சக்தி வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தது. அதை ஆறு பேருக்கு முன்னால் சத்தமாக வாசித்தவள் நான். உன் வெற்றிக் கடிதம் அதற்கு மூன்று நாள் முன்னால் வந்திருந்தது.

அன்றிலிருந்து நேற்றுவரை ஒவ்வொரு விடியற்காலையும் அந்த நேரம் அவளுக்குத் திரும்ப வேண்டும் என்று ஜெபித்தேன். அது யாரிடமிருந்து எடுத்தால் திரும்பும் என்று தெரிந்தே. உனக்கு எதிராக ஜெபித்தேன், லொரெ. நிவெஸின் கைக்கு எதிராக. அதே வாயால் உனக்காகவும் ஜெபித்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. இந்த மடத்துக்கு வந்த பதினேழு வருஷத்தில் இவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடையில் வைத்து நீ சொன்ன யோசனை தப்பு என்று பியெரினாவிடம் சொன்னாயா? என்னிடம் சொல்லிவிட்டாய். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள். என்னிடம் சொல்வது சுலபம்.

உன் அக்கா
எவெலினா

*

ரொக்காசெர்ரா
3 ஜூன் 2012

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்? சமையலறைத் தரையைத் துடைக்கச் சொல்லியிருந்தால் உன் முழங்காலை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இங்கே நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்று உன்மேல் கடும் கோபம். மூன்று வாரம் நீடித்தது. பிறகு, உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் ஜெபித்திருப்பேன் என்று தோன்றியதும் போய்விட்டது.

மே முதல் வாரம் பியெரினா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். "சொல்லுங்க" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் அவளுக்கு "நீங்க" ஆகிவிட்டேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: அன்று நடையில் நான் சொன்னது தப்பு, அந்தச் சொல் இல்லாததால்தான் உன் பிள்ளை இன்று வீட்டில் இருக்கிறாள், மறுபரிசோதனைக்கு எழுதிப் போடு, நான் கூட வருகிறேன். அவள் இல்டாவின் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அதான் ஆற மாட்டேங்குது."

ஆனாலும் எழுதிப் போட்டாள். பள்ளியில் துணை ஆசிரியையே இல்லாத பிள்ளைக்குச் சீக்கிரம் தேதி கொடுப்பார்களாம். போன புதன்கிழமைக்கே கொடுத்தார்கள். அவள் கணவர் வரவில்லை. தன் மகளுக்கு அப்படி ஒரு பெயர் வைக்கத் தன்னால் முடியாது என்று வயலுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் அவளும் இல்டாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டர் பெண்மணி நல்லவர், அலுத்துப் போயிருந்தார். பிள்ளை தானாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். பியெரினா, சாப்பிடுவாள் என்றாள். உடுத்திக்கொள்வாளா? கொஞ்சம் உதவினால் போதும். வெளியே தனியாக? ரொம்பக் கவனமான பிள்ளை. அக்கா, அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அந்நியர் முன்னால் நம் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் நம் எல்லோர் வாயிலும் அதுதான் வரும். எட்டு வருஷமாக நானும் அப்படித்தான். பேருந்தில் யாராவது கேட்டால், நிவெஸ் எல்லாம் புரிந்துகொள்வாள் என்று உடனே சொல்லிவிடுவேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

நான் குறுக்கே பேசினேன். இல்டாவுக்கு ஊட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணைத் தின்பாள் என்றேன். இரவும் பகலும் கால்சட்டையை நனைப்பாள் என்றேன். தன் பெயரைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், லாரி வரும்போது சாலையில் உட்காருவாள், தாயையும் மற்றவர்களையும் சில நாள் வித்தியாசம் தெரியாமல் பார்ப்பாள் என்றேன். நான் என் வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்ட நாட்களில் கண்டது எல்லாம். எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை தலைக்கு மேலாகவே சொன்னேன். பியெரினாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். என் பிள்ளைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பியெரினாவிடம் கேட்டார்:

"இவங்க யாரு? சொந்தமா?"

"இல்லங்க" என்றாள் பியெரினா. "பஸ்ல கூட வந்தவங்க."

இல்டா மேஜைக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு, "ஆனா இவங்க சொன்னது எல்லாம் நிஜம்" என்றாள்.

அந்தச் சொல்லை எழுதிவிட்டார்கள். வக்கீல் காகிதத்தைப் பார்த்துவிட்டார். மனு ஜூலையில் போகும். நிவெஸுக்கு ஒருவர், இல்டாவுக்கு ஒருவர் என்று செப்டம்பரில் இரண்டு ஆசிரியைகளைப் பள்ளி காட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார். நீ இனி யாருக்கும் எதிராக ஜெபிக்க வேண்டியிருக்காது.

திரும்பி வரும்போதும் நான் பின்னாலேயே உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் அவள் தலைமுடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர் வந்ததும் அவர்கள் முதலில் இறங்கினார்கள். ஒரே மேடு, ஒரே தெரு. அவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவு சாத்தும்வரை நான் பஸ் நிறுத்தத்திலேயே நின்றேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எத்தோரேவும் நிவெஸும் விசாரித்தார்கள். உங்களுக்கு அனுப்ப என்னிடமும் ஒரு வேண்டுதல் சீட்டு இருக்கிறது, பெயர் போடாமல் வாசித்துவிடு: எதிர்வீட்டுக்காரி என்னை ஒரு தடவையாவது திட்ட வேண்டும்.

லொரெ